பொறியியற் பேராசிரியர் இராங்கின்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டுப் பழமொழி. நூலறிவு மட்டும் உடையவனைக் கண்டு தொழிலாளி நகைப்பதும், கைத்தொழில் மட்டும் அறிந்தவனைக் கற்றவன் புறக்கணிப்பதும் எல்லா நாடுகளிலும் நெடுங்காலமாக இருந்துவந்த வழக்கமேயாகும். இவ்விரண்டும் பிரிந்து நிற்பதனால் விளையும் கேடு சிறிதன்று. வண்டி கவிழ்வதும், சுவர் சரிந்து விழுவதும், கப்பல் மூழ்குவதும், அவற்றால் மக்கள் மடிவதும் பலமுறை இப்பிரிவினால் நேர்ந்துள்ளன. ஏட்டறிவையும் தொழிலறிவையும் ஒன்றாக இணைப்பதையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு, இருப்புப்பாதைத் தொழிலில் தொடங்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியராக உயர்ந்த பெரியார் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டில் வாழ்ந்தார். அவரே வில்லியம் ஜான் மக்குவார்ன் இராங்கின் என்பவர்.

பிறப்பும் இளமையும்

இராங்கின் 1820ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள் எடின்பரோ நகரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் டேவிட் இராங்கின் முதலிற் படைத்துறையில் அலுவல் பார்த்தவர். பின்னர் இருப்புப்பாதைப் பணியில் ஈடுபட்டவர். தாயார் பார்பரா, கிளாஸ்கோ நகரத்து வங்கியாளர் ஒருவரின் மகளாவார். இளமையில் இராங்கினின் உடல்நிலை நன்றாக இல்லை. ஆதலின், அவர் பள்ளியிற் பயின்ற காலம் குறைவு. வீட்டிற் பயின்ற காலமே மிகுதி. தந்தையாரே அவருக்குக் கணக்கையும் இயந்திரவியலின் தொடக்கப் பாடங்களையும் கற்பித்தார். பதினான்காம் வயதில் அவருடைய மாமன் அவருக்கு நியூட்டன் இலத்தீன் மொழியில் எழுதிய பிரின்சிபியா என்னும் பெருநூலைப் பரிசாக அளித்தார். முதிர்ந்த அறிஞரும் அஞ்சும் அந்நூலைச் சிறுவர் இராங்கின் ஊன்றிப் படித்தார். அப்படிப்பே தம் கணித அறிவுக்கு அடித்தளமாயிற்று என்று அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அவர் வளர்ந்த காலம் போக்குவரத்தில் ஒரு புதுயுகம் பிறந்த காலமாகும். 1830ஆம் ஆண்டில் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே நீராவி வண்டிகள் ஓடத் தொடங்கின. அதற்கு அடுத்த ஆண்டில் எடின்பரோவிலிருந்து டால்கீத் என்னும் ஊர்ப்பக்கம் ஓர் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதையில் வண்டிகளை இழுத்தவை குதிரைகளே! இப்பாதையின் பணியில்தான் இராங்கினின் தந்தையார் அமர்ந்திருந்தார். ஒருபுறம் நியூட்டனின் நூல். மறுபுறம் தந்தையாரின் இருப்புப்பாதை. இவ்விரண்டுக்கும் இடையே வளர்ந்த சிறுவர், ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றவில்லை. இரண்டையும் தம்முடையனவாகக் கொண்டார்.

1836ஆம் ஆண்டில் அவர் எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கே இயற்பியற் பேராசிரியராக விளங்கிய ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ் என்பவரிடம் பாடம் கேட்டார். ஒளி அலைவடிவிற் செல்லும் என்னும் கொள்கையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை தங்கப் பதக்கம் பெற்றது. எனினும், இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டுச் சென்றார். தொழில் கற்க வேண்டும் என்னும் வேட்கை அவரை ஈர்த்தது. பட்டம் பெறாது சென்ற அம்மாணவரே பின்னாளிற் பொறியியலுக்கெனத் தனிப்பட்டம் வேண்டும் என்று போராடினார் என்பது வியப்பன்றோ!

அயர்லாந்திற் கற்ற தொழில்

அக்காலத்தில் பொறியியல் கற்க விரும்புவோர் கல்லூரிக்குச் செல்வதில்லை. தேர்ந்த பொறியாளர் ஒருவரிடம் பொருள் கொடுத்துத் தொழில் பயிலுநராக அமர்வர். அவர் செய்வதைக் கண்டும், அவர் ஏவியதைச் செய்தும் தொழிலைக் கற்பர். இராங்கினும் 1838ஆம் ஆண்டில் சர் ஜான் மக்நீல் என்னும் புகழ்பெற்ற பொறியாளரிடம் சேர்ந்து அயர்லாந்து சென்றார். டப்ளின் நகருக்கும் டிராகெடா நகருக்கும் இடையே அமைக்கப்பட்ட இருப்புப்பாதையில் அவர் நில அளவை செய்தார்.

இருப்புப்பாதையை நேராக அமைப்பது எளிது. வளைவாக அமைப்பது அரிது. வளைவு எங்கும் ஒரே சீராக இருத்தல் வேண்டும். ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் இருப்பின், விரைந்து செல்லும் வண்டியின் சக்கரங்கள் தண்டவாளத்தை மோதும். வண்டி பாதையை விட்டு விலகவும் கூடும். குன்றுகளும் வயல்களும் குறுக்கிடும் நிலத்தில், வட்டத்தின் மையத்திற்குச் சென்று கயிறு பிடித்து வளைவு வரைதல் இயலாத செயல். இளைஞர் இராங்கின் இதற்கு ஒரு வழி கண்டார்.

வட்டத்தின் நாணுக்கும், அந்நாணின் முனையில் வரையப்படும் தொடுகோட்டுக்கும் இடையே அமையும் கோணம், அந்நாண் வட்டமையத்தில் உண்டாக்கும் கோணத்திற் பாதியாகும். வடிவ கணிதம் பயிலும் மாணவர் அனைவரும் அறிந்த உண்மை இது. நாண்களைச் சம நீளமாக எடுத்துக்கொண்டால், தொடுகோட்டிலிருந்து அளக்கும் கோணமும் முறையே ஒரு மடங்கு, இரு மடங்கு, மும்மடங்கு என்று கூடிக்கொண்டே செல்லும். ஆகவே, வளைவு தொடங்கும் இடத்தில் தியோடலைட் என்னும் கோணமளக்கும் கருவியை நிறுத்தி, அதனைக் கணக்கிட்ட கோணத்திற்குத் திருப்ப வேண்டும். முந்திய முளையிலிருந்து ஒரு நாண் நீளத்திற்குச் சங்கிலியை நீட்டி, அதன் முனை கருவியின் பார்வைக்கோட்டைச் சந்திக்கும் இடத்தில் அடுத்த முளையை அடிக்க வேண்டும். இவ்வாறே தொடர்ந்து செய்தால் முளைகள் யாவும் அவ்வட்டத்தின் மேலேயே அமையும். 1841ஆம் ஆண்டில் அவர் கையாண்ட இம்முறை, இராங்கின் முறை என்னும் பெயருடன் இன்றளவும் நில அளவை நூல்களில் இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரி மாணவரும் அதனைப் பயில்கின்றனர். ஏட்டில் இருந்த ஒரு சிறு உண்மை, வயல்வெளியிற் பாதையாக மாறியது.

முறிந்த அச்சு

1842ஆம் ஆண்டு மே திங்கள் 8ஆம் நாள் பிரான்சு நாட்டில் ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தது. வெர்சேல்ஸ் நகரில் நடந்த அரசவிழாவைக் கண்டு களித்த மக்கள் புகைவண்டியிற் பாரிசுக்குத் திரும்பிக் கொண்டிருந்தனர். வழியில் முன்னே சென்ற எந்திரத்தின் அச்சு திடீரென்று முறிந்தது. எந்திரம் கவிழ, பின்வந்த வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறித் தீப்பற்றி எரிந்தன. வண்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்தமையால் உள்ளிருந்தோர் தப்ப வழியில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தென்துருவக் கடலிற் பயணம் செய்து பல நிலங்களைக் கண்டறிந்த டூமான் தூர்வில் என்னும் கடற்படைத் தலைவரும், அவர் மனைவியும், மகனும் அத்தீக்கு இரையாயினர். பனிக்கடலின் இடர்களை யெல்லாம் வென்று மீண்ட வீரரை, முறிந்த ஓர் இரும்புத்தண்டு கொன்றது.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் முறிந்தது? இவ்வினா அந்நாளிற் பொறியாளர் பலரையும் வருத்தியது. இரும்பு ஓயாது அதிர்வதனால் அதன் நார்த்தன்மை கெட்டு, கற்கண்டு போலப் படிகமாகிவிடுகிறது என்று பலர் கருதினர். அவ்வாறாயின், அதனைத் தடுக்க வழியே இல்லை எனலாம். இராங்கின் அக்கருத்தை அப்படியே ஏற்கவில்லை. முறிந்த அச்சுகளை வாங்கி, முறிந்த முகத்தை நுணுகி ஆராய்ந்தார். அச்சின் தடித்த பகுதி மெலிந்து கழுத்தாகும் இடத்திலேயே முறிவு தொடங்குவதை அவர் கண்டார். அவ்விடம் கூரிய மூலையாகக் கடையப்பட்டிருந்தது. அங்கே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று தோன்றி, அச்சைச் சுற்றிலும் பரவி, நாள்தோறும் சிறிது சிறிதாக உள்நோக்கிச் செல்கிறது. நடுவே எஞ்சிய இரும்பு பாரத்தைத் தாங்கமாட்டாத நாளில் அச்சு சட்டென்று முறிகிறது என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே, முறிவு திடீரென நேர்வது போலத் தோன்றினும், உண்மையில் அது பலநாள் வளர்ந்த நோயின் முடிவேயாகும். இதற்கு மருந்தும் எளியதே. கழுத்தைக் கூரிய மூலையாகக் கடையாமல் வளைவாகச் சாய்த்து அமைத்தல் வேண்டும் என்று அவர் அறிவுறுத்தினார்.

இவ்வாராய்ச்சியை 1843ஆம் ஆண்டில் இலண்டன் பொறியாளர் கழகத்தின் முன்வைத்தபோது இராங்கினுக்கு வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோதான். அவர் கூறியதை எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டனர் என்று சொல்வதற்கில்லை. உலோகம் களைப்படைவதைச் செர்மனி நாட்டு இருப்புப்பாதைப் பொறியாளர் வோலர் என்பவர் பின்னர் நெடுங்காலம் சோதனைகள் செய்து விரிவாக நிலைநாட்டினார். 1954ஆம் ஆண்டில் காமெட் என்னும் வானவூர்திகள் இரண்டு மத்தியதரைக் கடலில் வீழ்ந்து பலர் மாண்டனர். அவ்வூர்தியின் உடலில் வெட்டப்பட்ட திறப்புகளின் மூலைகளருகே தோன்றி வளர்ந்த நுண்வெடிப்பே அதற்குக் காரணம் என்று ஆராய்ந்தோர் கண்டனர். கூரிய மூலையிற் பிறக்கும் கேட்டினை நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு முன்பே இராங்கின் புகைவண்டியின் அச்சிற் கண்டிருந்தார்.

பல்கலைக்கழகத்தில் ஒரு புதிய இருக்கை

கிளாஸ்கோப் பல்கலைக்கழகம் 1451ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெருங் கல்விக்கூடம். ஜேம்ஸ் வாட் என்னும் தொழிலாளர் அதன் வளாகத்திலே கருவிகள் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அங்கே பழுது பார்க்க வந்த ஒரு சிறு நீராவி எந்திரமே அவரைப் புது எந்திரம் காணத் தூண்டிற்று. ஆயினும், அதன் பேராசிரியர் பலர் சமயம், மொழி, சட்டம், மருத்துவம் முதலியவற்றையே பல்கலைக்கழகக் கல்வி என எண்ணினர். 1840ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் அங்கே பொறியியலுக்கென ஒரு பேராசிரியர் இருக்கையை நிறுவியபோது, கல்லூரியார் அதனை மனமுவந்து வரவேற்கவில்லை. முதற் பேராசிரியராக வந்த லூயிஸ் கார்டன் என்பவருக்கு வகுப்பறை கிடைப்பதே அரிதாயிற்று.

கார்டன் பதவி விலகவே, 1855ஆம் ஆண்டு நவம்பரில் அவ்விருக்கை இராங்கினுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அதற்குள் அவர் இருப்புப்பாதைகள் பலவற்றிற் பணியாற்றிப் பட்டறிவு பெற்றிருந்தார். வெப்பம் ஆற்றலாக மாறும் முறையை ஆராய்ந்து பெயர் பெற்றிருந்தார். 1853ஆம் ஆண்டிலேயே இலண்டன் அரச கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றிருந்தது. ஆகவே, தொழிலாளரும் அறிஞரும் ஒருங்கே மதிக்கும் ஒருவர் அவ்விருக்கையில் அமர்ந்தார்.

அவர்தம் முதற் சொற்பொழிவைப் பல்கலைக்கழக மரபின்படி இலத்தீன் மொழியில் ஆற்றினார். பின்னர், 1856ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் தம் வகுப்பு மாணவர்க்கு அதே பொருள் பற்றி ஆங்கிலத்திற் பேசினார். இயந்திரவியலிற் கொள்கைக்கும் செயலுக்கும் உள்ள இணக்கமே அப்பேச்சின் பொருள். பண்டைக் கிரேக்க நாட்டில் அறிஞர் சிலர் கைத்தொழிலை இழிவெனக் கருதியதையும், அதனால் அறிவு தொழிலுக்குப் பயன்படாமலும் தொழில் அறிவால் வளராமலும் இரண்டும் நலிந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். அறிவு மூவகைப்படும் என்பது அவர் கொள்கை. கொள்கையை மட்டும் அறிவது ஒன்று. செயலை மட்டும் அறிவது ஒன்று. கொள்கையைச் செயலிற் பொருத்த அறிவது மற்றொன்று. இம்மூன்றாவது அறிவைப் பெற்றவனே, முன்னோர் கட்டியதைப் பார்த்துக் கட்டுவதோடு நில்லாமல், முன்னோர் காணாத புதுநிலையிலும் துணிந்து கட்ட வல்லவன். ஒரு பொருள் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அது முறிவதற்கு முன்பே அறிய வல்லவன். இவ்வறிவை ஊட்டுவதே தம் இருக்கையின் கடமை என்று அவர் விளக்கினார்.

மாணவரும் பட்டமும்

இராங்கினின் வகுப்பு குளிர்காலத்தில் நடைபெறும். கோடைக்காலத்தில் மாணவர் பொறியாளர் அலுவலகங்களிலும் பட்டறைகளிலும் பணி செய்வர். இம்முறையை அவர் பெரிதும் ஊக்கினார். ஆறு திங்கள் ஏடு, ஆறு திங்கள் எந்திரம் என்று மாறிமாறிக் கற்கும் மாணவர், வகுப்பிற் கேட்டதைப் பட்டறையிற் சோதிப்பர். பட்டறையிற் கண்ட ஐயத்தை வகுப்பிற்குக் கொண்டுவருவர்.

ஆனால், அம்மாணவர்க்கு ஒரு குறை இருந்தது. எவ்வளவு கற்றாலும் அவர்களுக்குப் பொறியியலிற் பட்டம் இல்லை. மருத்துவம் கற்றவன் மருத்துவப் பட்டம் பெறுவான். சட்டம் கற்றவன் சட்டப் பட்டம் பெறுவான். பாலம் கட்டக் கற்றவனுக்கோ ஒன்றும் இல்லை. இந்நிலையை மாற்ற இராங்கின் முயன்றார். பட்டம் கேட்டார், கிடைக்கவில்லை. அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. 1862ஆம் ஆண்டில், பொறியியல் அறிவில் தேர்ச்சி பெற்றமைக்குச் சான்றிதழ் ஒன்றை வழங்கப் பல்கலைக்கழகம் இசைந்தது. முழுப்பட்டம் கிடைக்கும்வரை அச்சான்றிதழையே அவர் படியாகக் கொண்டார். பொறியியல் கற்றோரும் பெறத்தக்க அறிவியல் இளையர் பட்டம் 1872ஆம் ஆண்டில் ஏற்பட்டது. பதினேழு ஆண்டுகள் அவ்விருக்கையில் அமர்ந்து காத்த பேராசிரியருக்கு அதுவே வாழ்வின் இறுதி ஆண்டாகவும் அமைந்தது.

அவர் எழுதிய பாடநூல்கள்

வகுப்பில் நின்று பேசினால் அச்சொல் அவ்வறையிலுள்ளோர்க்கே கேட்கும்; நூலாக எழுதினால் உலகெங்கும் கேட்கும். பொறியியலுக்கு முறையான பாடநூல்கள் இல்லாத குறையை உணர்ந்த இராங்கின், ஒன்றன்பின் ஒன்றாகப் பல நூல்களை இயற்றினார். பயன்முறை இயந்திரவியல் பற்றிய நூல் 1858ஆம் ஆண்டிலும், நீராவி எந்திரம் பற்றிய நூல் 1859ஆம் ஆண்டிலும், கட்டடப் பொறியியல் பற்றிய நூல் 1862ஆம் ஆண்டிலும், எந்திரங்கள் பற்றிய நூல் 1869ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. அவர் மறைந்த பின்னரும் இருபதாம் நூற்றாண்டுவரை அவை பல பதிப்புகளைக் கண்டன.

பாதைகளின் பாதுகாப்புக்கு அவர் செய்த மற்றொரு பெரும்பணி மண்ணைப் பற்றியது. இருப்புப்பாதை மேடும் பள்ளமுமாகச் செல்லல் இயலாது. ஆகவே, குன்றை வெட்டியும் பள்ளத்தில் மண்ணைக் குவித்தும் பாதையைச் சமமாக அமைப்பர். வெட்டிய குன்றும் குவித்த கரையும் சரியாமல் தாங்குசுவர் எழுப்புவர். அச்சுவரை மண் எவ்வளவு விசையுடன் தள்ளும்? 1857ஆம் ஆண்டில் இராங்கின் இதற்கு விடை கூறினார். மண்ணின் துகள்கள் தம்முள் உராய்வதனால்தான் மண்மேடு நிலைத்து நிற்கிறது என்பதை அடிப்படையாகக் கொண்டு அவர் கணக்கிட்டார். சுவர் சற்று விலகிக் கொடுக்கும்போது மண் அதனைத் தள்ளும் விசை மிகக் குறைவாக இருக்கும். சுவரே மண்ணை நெருக்கும்போது மண் எதிர்த்து நிற்கும் விசை மிக அதிகமாக இருக்கும். இவ்விரு எல்லைகளையும் மண்ணின் எடையையும் உராய்வையும் கொண்டு அவர் வரையறுத்தார். இன்றும் தாங்குசுவர் கட்டும் பொறியாளர் இராங்கினின் மண்ணழுத்தக் கொள்கையைப் பயின்றே தம் கணக்கைத் தொடங்குகின்றனர்.

நீராவி எந்திரத்தைப் பற்றிய நூலில், வெப்பம் எவ்வாறு வேலையாக மாறுகிறது என்பதைப் பொறியாளர் பயன்படுத்தத்தக்க முறையில் அவர் விளக்கினார். நீர் கொதித்து ஆவியாகி, எந்திரத்தை இயக்கி, மீண்டும் குளிர்ந்து நீராகும் சுழற்சிக்கு இராங்கின் சுழற்சி என்றே பெயர். நீராவியால் இயங்கும் அனல்மின் நிலையங்கள் இன்றும் அச்சுழற்சியின்படியே இயங்குகின்றன. நிலையாற்றல் என்று நாம் வழங்கும் கருத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1853ஆம் ஆண்டில் முதன்முதல் இட்டவரும் அவரே.

கடற்பயணமும் கணக்கும்

கிளாஸ்கோ நகரைத் தழுவி ஓடும் கிளைடு ஆற்றின் கரை, அந்நாளில் உலகிற் சிறந்த கப்பல் கட்டும் இடங்களுள் ஒன்றாக விளங்கியது. தரைவழிப் போக்குவரத்திலே தொடங்கிய இராங்கின் கடல்வழிப் போக்குவரத்திலும் கருத்தூன்றினார். கப்பலை முன்தள்ளும் திருகு நீரில் எவ்வாறு செயற்படுகிறது என்பதை 1865ஆம் ஆண்டில் ஆராய்ந்து எழுதினார். மறுஆண்டில் அறிஞர் மூவருடன் சேர்ந்து கப்பற்கட்டுமானம் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டார்.

1870ஆம் ஆண்டு செப்டம்பரில் கேப்டன் என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் புயலிற் கவிழ்ந்து, நானூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகள் உயிர் துறந்தனர். தாழ்ந்த பக்கங்களும் உயர்ந்த பாய்மரங்களும் கொண்ட அக்கப்பலின் நிலைப்பைப் பற்றிக் கடற்படையின் தலைமை வடிவமைப்பாளர் முன்னரே ஐயம் தெரிவித்திருந்தார். எனினும், மக்களிடையே எழுந்த ஆர்வத்தின்முன் அவ்வெச்சரிக்கை எடுபடவில்லை. கணக்கை மதியாததன் விலை அத்தனை உயிர்களாயிற்று. போர்க்கப்பல்களின் அமைப்பை ஆராய 1871ஆம் ஆண்டில் அரசாங்கம் அமைத்த குழுவில் இராங்கினும் இடம்பெற்றார். அச்சு முறிந்ததன் காரணத்தை ஆராய்ந்த இளைஞர், முதிர்ந்த வயதிற் கப்பல் கவிழாமற் காக்கும் வழியை ஆராய்ந்தார்.

பண்பு நலன்கள்

இராங்கின் எப்போதும் கணக்கிலேயே மூழ்கி, முகம் சுளித்திருந்தவர் அல்லர். இசையில் மிக்க விருப்பமுடையவர். நண்பர் கூட்டத்தில் தாமே பாடல் புனைந்து பாடி மகிழ்விப்பவர். எந்திரம் ஓட்டுபவன் தன் எந்திரத்தை நோக்கிப் பாடுவதாகவும், கணித அறிஞன் ஒருவன் காதல் கொண்டு படும் பாட்டை நகைச்சுவையுடன் கூறுவதாகவும் அவர் பாடல்கள் இயற்றினார். அவை அவர் மறைந்தபின் 1874ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தொழிலாளரும் அறிஞரும் ஓரிடத்திற் கூடிக் கருத்துகளைப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று கருதிய அவர், 1857ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துப் பொறியாளர் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவராக அமர்ந்து அதனை வளர்த்தார்.

மாணவர் வழியாகப் பரவிய புகழ்

ஆசிரியரின் பெருமை மாணவரால் விளங்கும். இராங்கினிடம் பயின்றவருள் என்றி டயர் என்பவர் ஒருவர். எளிய குடும்பத்திற் பிறந்து, தொழிற்சாலையிற் பயிலுநராக இருந்து, பின்னர்ப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தவர் அவர். அக்காலத்தில் சப்பானிய அரசு தன் நாட்டில் ஒரு பொறியியற் கல்லூரியை நிறுவ விரும்பி, அதற்குத் தலைவரைப் பிரிட்டனில் தேடியது. இராங்கின் தம் மாணவராகிய டயரைப் பரிந்துரைத்தார். 1873ஆம் ஆண்டில் இருபத்தைந்து வயதும் நிரம்பாத டயர் சப்பான் சென்று அக்கல்லூரியின் பொறுப்பை ஏற்றார். ஆறு ஆண்டுப் படிப்பில் ஏட்டுக் கல்வியையும் தொழிற் பயிற்சியையும் இணைத்து, தம் ஆசிரியரின் கொள்கையை அங்கே வேரூன்றச் செய்தார். அக்கல்லூரியிற் பயின்ற தனாபே சாகுரோ என்னும் இளைஞர், பீவா ஏரியிலிருந்து கியோட்டோ நகருக்குப் படகுகள் செல்லத்தக்க கால்வாயை வெட்டுவித்தார். அது 1890ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. ஸ்காட்லாந்திலே விதைத்த விதை கீழ்த்திசையிலே கனி தந்தது.

மறைவு

ஓயாத உழைப்பு இராங்கினின் உடலை நலிவித்தது. 1872ஆம் ஆண்டில் அவர் நலம் குன்றியது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் தமது ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார். டயர் சப்பானிலே கல்லூரி தொடங்கியதைக் கண்டு மகிழ அவருக்கு வாய்க்கவில்லை. பட்டம் பெற்ற மாணவர் அணியணியாக வெளியேறுவதைக் காணவும் வாய்க்கவில்லை. ஆயினும், அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை. கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் பொறியியற் கட்டடம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. மண்ணியற் பொறியாளர் 1961ஆம் ஆண்டு முதல் அவர் பெயராற் சொற்பொழிவு ஒன்றை நடத்தி வருகின்றனர்.

புகைவண்டியில் ஏறி அமர்ந்து செல்வோர், வண்டி வளைவில் வழுவாது திரும்புவதையோ, அதன் அச்சு முறியாது சுழல்வதையோ, பாதையோரத்துத் தாங்குசுவர் சரியாது நிற்பதையோ எண்ணிப் பார்ப்பதில்லை. இடர் நேராதபோது அதனைத் தடுத்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை. ஆனால், அவ்வமைதியான பயணத்திற்குப் பின்னே ஒருவர் கற்ற கல்வியும், அக்கல்வியைச் செயலிற் பொருத்திய உழைப்பும் உள்ளன. ஏட்டில் உள்ள சுரைக்காயைத் தோட்டத்தில் விளைவிக்கும் வழியை அறிந்தவன் கற்றதே கல்வி. அவ்வழியைத் தாம் அறிந்ததோடு, அதனைப் பிறர்க்கும் கற்பித்த பேராசிரியர் இராங்கினின் வாழ்க்கை, கற்கும் மாணவர்க்கும் தொழில் புரிவோர்க்கும் ஒருங்கே வழிகாட்டும் வாழ்க்கையாகும்.